மூன்றாம் வகை

ஜனவரி 21

பல் தேய்த்துக்கொண்டிருந்த இவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார். வயிற்றின் நடுவிலிருந்து முதுகு வரைக்கும் யாரோ இழுப்பதுபோல வலிக்கிறதாம். கேஸ் என்று அவரே சொல்லிக்கொண்டார். ஓமம் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். இரண்டாவது பீரியடில் போன் வந்தது. "தமயந்தி, கொஞ்சம் வர்றியா?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் என்னைக் கூப்பிட்ட மனுஷர் இல்லை.

திண்டுக்கல்லிலேயே ஸ்கேன் எடுத்தோம். எடுத்த பெண் பாதியில் எழுந்துபோய் டாக்டரை அழைத்துவந்தாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு முதலில் ஆம்புலன்ஸுக்குத்தான் சொன்னார், பிறகுதான் எங்களிடம் பேசினார். இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய், மகாதமனி, ஓரிடத்தில் பலூன்போல வீங்கியிருக்கிறது. கசியத் தொடங்கிவிட்டது. "மதுரைக்குக் கொண்டுபோங்க. வழியில எங்கயும் நிறுத்தாதீங்க."

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு இவர் கேட்டது ஒன்றுதான். "அண்ணனுக்குச் சொல்லிட்டியா?"

ஜனவரி 22

உயிர் இருக்கிறது.

அறுவை செய்த டாக்டர் ரெஜினா வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றியபோது முகத்தில் வரி வரியாகத் தடம் விழுந்திருந்தது. "தையல் நிக்கலம்மா. ஊசி குத்தின இடமெல்லாம் கிழியுது. ஈரக் காகிதத்தைத் தைக்கிற மாதிரி இருந்துச்சு. அம்பத்தோரு வயசு ஆளுக்கு இப்படி இருக்கக் கூடாது." பிறகு கேட்டார்: "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

இவர் அண்ணன் தணிகாசலம், எங்கள் வீட்டுக்குப் பெரியவர், என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பெயின்ட் கடை வைத்திருக்கிறார், ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். "இல்ல டாக்டர். எங்க வம்சத்துல எல்லாருக்கும் நல்ல ஆயுசு" என்றார்.

என் மாமனார் நாற்பத்து மூன்று வயதில் பஸ் ஸ்டாண்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தவர். இவர்களுடைய தங்கை சரோஜா இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் செத்தாள். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தவை, ஆனாலும் எனக்கே தெரியும். இரண்டையும் டாக்டரிடம் சொன்னேன். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

மாலையில் அவர் மனைவி கோமளவல்லி அக்கா ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்தாள். "நீ எல்லாத்துக்கும் எண்ணெய் கூட ஊத்துவ தமயந்தி. நான் அப்பவே சொல்லுவேன்" என்றாள். காபியை வாங்கிக் குடித்தேன். பசி.

ஜனவரி 30

கண் விழித்துப் பேசுகிறார். கோயம்புத்தூரிலிருந்து எங்கள் பையன் நவநீதன் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். கடைசி வருஷம், ப்ராஜெக்ட் இருக்கிறது. நான்தான் போகச் சொன்னேன்.

பிப்ரவரி 13

கிழிந்த குழாயிலிருந்து எடுத்த துண்டின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. நான் உயிரியல் டீச்சர் என்று தெரிந்ததும் டாக்டர் ரெஜினா படம் போட்டே விளக்கினார்.

ரத்தக்குழாய்ச் சுவரில் இரண்டு விதமான நார்கள். எலாஸ்டின் ரப்பர் மாதிரி, ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கும். கொலாஜன் கயிறு மாதிரி, ஓரளவுக்கு மேல் விரியவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வயதானவர்களுக்கு, பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு வருகிற வீக்கத்தில் முதலில் ரப்பர் நைந்துபோகும், பாரம் முழுவதும் கயிற்றின்மேல் விழும். உடம்பு புதுக் கயிறு திரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அது அவசரத்தில் போட்டது, ஒழுங்காக அடுக்காது. இன்னொரு பக்கம் என்சைம்கள் அதை அரித்துக்கொண்டும் இருக்கும். எந்த நாளில் அரிப்பது மிஞ்சுகிறதோ அன்று குழாய் வெடிக்கும்.

"இவருக்கு?" என்றேன்.

"இவருக்கு ரப்பர் ஓரளவு நல்லாத்தான் இருக்கு டீச்சர். கயிறுதான் ஆரம்பத்துலேர்ந்தே சரியில்லன்னு தோணுது. மூன்றாம் வகைக் கொலாஜன்னு ஒன்னு. ரத்தக்குழாய், குடல், கர்ப்பப்பை, இதுலயெல்லாம் அதுதான் தாங்குது. மூணு புரி சேர்த்து முறுக்குன கயிறு அது. ஜீன்ல ஒரு பிழை இருந்தா அதுல ஒரு புரி கோணலா வரும். ஒரு புரி கோணினாலும் கயிறு பிடிக்காது."

இவருடைய ரத்தத்தை எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வரும் வழியில் காரில் இவர் நல்ல உற்சாகமாக இருந்தார். "எண்ணெய் இல்லையாம்ல காரணம். அண்ணிகிட்ட சொல்லு" என்றார். சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாயிற்று.

பிப்ரவரி 24

பதினொன்றாம் வகுப்புக்குத் திருப்புதல். விலங்குகளின் உடலில் மிக அதிகமாக இருக்கும் புரதம் எது, ஒரு மதிப்பெண். எல்லாப் பெண்களும் சேர்ந்து "கொலாஜன்" என்றார்கள். அடுத்த கேள்விக்குப் போனேன்.

மார்ச் 17

ஜீன் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் சந்தேகப்பட்டதுதான்.

இவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினார். பரம்பரையாக வருவது. பெற்றவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்த சொந்தம் எல்லாருக்கும் சொல்ல வேண்டும், இளவயதுக்காரர்களுக்கு முக்கியமாக. இருப்பவர்களுக்குத் தோல் மெல்லிசாக இருக்கும், லேசாக இடித்தாலும் நீலம் பாரிக்கும். அவர்கள் பாரம் தூக்கக் கூடாது, பிரஷர் ஏறவிடக் கூடாது, வருஷம் ஒருமுறை ஸ்கேன். "கர்ப்பமா யாராவது இருந்தா உடனே சொல்லுங்க. அவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. கர்ப்பப்பையே கிழியலாம். முன்னாடியே தெரிஞ்சா பெரிய ஆஸ்பத்திரில வச்சுக் காப்பாத்திடலாம்."

பெரியவரின் ஒரே மகள் தர்ஷினிக்குப் போன ஜூனில்தான் கல்யாணம் ஆனது. இப்போது நாலு மாசம் முடிந்து ஐந்தாவது.

டாக்டர் கேட்டார், "உங்களுக்குப் பிள்ளைங்க?" ஒரு பையன் என்றேன். "அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க." சரி என்றேன்.

மார்ச் 19

பெரியவர் வீட்டுக்குப் போனோம். இவர் பேசுவார் என்று நினைத்தேன், சோபாவில் உட்கார்ந்து கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொன்னேன். ரிப்போர்ட்டையும் டீப்பாயில் வைத்தேன். யாரும் தொடவில்லை.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைச் சம்பந்தி வீட்டுல சொன்னா என்னம்மா நடக்கும்?" என்றார்.

"டெஸ்ட் எடுப்பாங்க மாமா. இருந்தா மதுரையில பிரசவம் பாப்பாங்க."

"அது நீ பாடம் நடத்துற மாதிரி. நடக்கிறது என்னன்னு நான் சொல்றேன். வியாதியை மறைச்சுப் பொண்ணைக் கட்டிக்கொடுத்துட்டாங்கன்னு ஊர் பூராச் சொல்லுவாங்க. பொண்ணு பெட்டியோட இங்க வந்து நிக்கும்."

"செத்துப்போறதுக்கு அது பரவாயில்லையே."

கோமளவல்லி அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். "நல்ல நாளும் அதுவுமா வயித்துப்பிள்ளைக்காரியைப் பத்தி என்ன பேச்சு பேசுற? எனக்கு ஒன்னும் ஆகல, இவருக்கும் ஒன்னும் ஆகல. என் மகளுக்கு எங்கேர்ந்து வரும்?"

மாமாவுக்கும் இருக்கலாம், இன்னும் வெளியே தெரியாமல் இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் என் முழங்கையைத் தொட்டார். "அண்ணன் யோசிச்சுச் செய்வாரு. விடு" என்றார்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது இவருடைய புறங்கையைப் பார்த்தேன். தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிகிறது. கல்யாணத்தின்போது சிவப்பான மாப்பிள்ளை என்று எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

மார்ச் 28

நவநீதன் போன் செய்தான். ஹாஸ்டலில் ஜிம் ஆரம்பித்திருக்கிறார்களாம், அறுபது கிலோ தூக்குகிறானாம். "அதெல்லாம் எதுக்குடா, படிப்பைப் பாரு" என்றேன். பிறகு, "அம்மா, அப்பாவுக்கு வந்தது ஜெனடிக்கா?" என்றான். டாக்டர் அப்படி உறுதியாக எதுவும் சொல்லவில்லை என்றேன்.

மே மாசம் செமஸ்டர் இருக்கிறது. அது முடியட்டும்.

ஏப்ரல் 11

தர்ஷினி மாமியார் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். நான் செய்கிற புளிமிளகாய்க்குப் பக்குவம் வேண்டுமாம், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லையாம். எவ்வளவு வெல்லம், எப்போது இறக்குவது எல்லாம் சொன்னேன். கால் வீங்குகிறதா என்று கேட்டேன். இல்லை, ஆனால் எங்கே இடித்தாலும் நீலம் பாரிக்கிறது, மாமியார் இரும்புச்சத்துக் குறைவு என்று முருங்கைக்கீரை செய்து போடுகிறார் என்றாள். "நல்லவங்கதான் சித்தி" என்றாள்.

இது போனில் சொல்கிற விஷயமா. அவளுடைய அப்பா அம்மா இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

ஏப்ரல் 20

இவர் தனியாகப் போய் அண்ணனிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். "பிரசவத்துக்கு மதுரையில நல்ல ஆஸ்பத்திரியா பாக்குறேன்னு அண்ணன் சொல்லிருக்காரு."

"எதுக்குன்னு அந்த ஆஸ்பத்திரில சொல்லுவாரா?"

"அதெல்லாம் அவரு பாத்துக்குவாரு."

"டெஸ்ட்?"

"பொறந்தப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றாரு. அவரு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல தமயந்தி."

என் வயிற்றிலா குழாய் வெடித்தது, என் தங்கையா செத்தாள் என்று கேட்டேன். இவர் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணனை எதிர்த்துப் பேச இவருக்கு எந்த வகைக் கொலாஜன் போதவில்லை என்று தெரியவில்லை.

மே 24

நாளை தர்ஷினிக்கு வளைகாப்பு. மெரூன் பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கினேன். அதற்கேற்ற சின்னப் பை ஜிப் போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பையையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இவருடைய ஃபைலும் அதில்தான் இருக்கிறது, இருக்கட்டும். திடீரென்று இவருக்கு ஏதாவது என்றால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மே 25

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபம் நிறையக் கூட்டம். மணையில் தர்ஷினி கன்னமெல்லாம் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தராகப் போய் வளையல் போட்டார்கள். சித்தி முறைக்கு நான் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ போட வேண்டும். தாம்பாளத்திலிருந்து பச்சை வளையல் இரண்டை எடுத்துவிட்டேன். கோமளவல்லி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சிரித்த முகத்தோடுதான் பிடித்தாள். "நீ இரு தமயந்தி. வீட்டுல நோயாளியை வச்சிருக்க. நல்ல காரியம் பாரு, மத்தவங்க போடட்டும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. என் புருஷன் பத்தடி தூரத்தில் நாற்காலியில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். வளையலைத் தாம்பாளத்தில் வைத்தேன்.

"இவரோட நோய் வளையல்ல ஒட்டாதுக்கா" என்றேன். "ரத்தத்துல வரும். உங்க மகளுக்கும் இருக்கலாம்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசமாச்சு. பிரசவத்துல கர்ப்பப்பை கிழிஞ்சிரும், டெஸ்ட் எடுங்கன்னு உங்க வீட்டுக்கே வந்து சொன்னேன். சம்பந்திக்குத் தெரியக் கூடாதுன்னு மூடி வச்சிருக்கீங்க. நம்ம சரோஜா எப்படிச் செத்தான்னு இவங்களுக்குச் சொல்லிருக்கீங்களா?"

நாதஸ்வர டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, "என்ன டெஸ்ட்?" என்று கேட்டார். சத்தம் போடாமல்தான் கேட்டார். நான் ஃபைலை எடுத்துக் கொடுத்தேன்.

கோமளவல்லி அக்கா என்னிடம் வந்தாள். அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. "உன் மகனுக்கு எடுத்தியாடி?" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் எதற்குச் சொல்ல வேண்டும்.

தர்ஷினி மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. இரண்டு கை நிறைய வளையலோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. அந்த வளையலைப் போடவிட்டிருந்தால் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்திருப்பேன்.

மே 26

இவர் ஹாலில் படுத்துக்கொண்டார். காலையில் ஒன்று சொன்னார். "சொன்னது தப்பில்ல. சொன்ன இடத்தைப் பாரு." அதற்குப் பிறகு பேசவில்லை.

மே 29

பேசவில்லை.

ஜூன் 7

மாப்பிள்ளை அருண்பிரகாஷே தர்ஷினியை மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்கவைத்தானாம். இவருக்குப் போனில் சொன்னது பெரியவர். நான் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசினார்.

நவநீதனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. கேம்பஸில் தேர்வான கம்பெனி கோயம்புத்தூரிலேயே ட்ரெயினிங் போட்டிருக்கிறது. முதல் வேலை. சேர்ந்து கொஞ்சம் நிலைக்கட்டும்.

ஜூன் 30

தர்ஷினிக்கு இருக்கிறது.

அப்படியானால் பெரியவருக்கும் இருக்கிறது. கடையில் இன்னும் பெயின்ட் டப்பாக்களைத் தானே தூக்கி அடுக்குகிறார் என்று கேள்வி.

ஜூலை 17

மதுரையில் டாக்டர் ரெஜினாவும் பிரசவம் பார்க்கும் டாக்டர்களும் சேர்ந்து நாள் குறித்து ஆபரேஷன் செய்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பெண் குழந்தை. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. நிறைய ரத்தம் ஏற்றி, கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துத்தான் நிறுத்தினார்கள். பிழைத்துவிட்டாள்.

டாக்டர் ரெஜினா என்னைக் கடந்து போகும்போது நின்றார். "தெரியாம ஊர்லயே நார்மலுக்கு விட்டிருந்தாங்கன்னா..." என்று சொல்லிவிட்டு முடிக்காமல் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வேறு யாருக்காவது அது கேட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமளவல்லி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா நர்ஸிடம், "இனிமே குழந்தையே பிறக்காதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 19

தர்ஷினி அவளுடைய அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. அருண்பிரகாஷ் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் குழந்தையைப் பார்க்கிறானாம். பெரியவர் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. இவர் இதை என்னிடம் சொல்லும்போது குரலில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொன்னார், அதுவே பெரிது.

"உயிரோட இருக்காளே" என்றேன்.

"ஆமா" என்றார்.

செப்டம்பர் 16

இன்றைக்கு ஐந்தாம் நாள். இப்போதுதான் எழுத முடிகிறது.

வெள்ளிக்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். "மோட்டார் போட்டிருக்கேன், தொட்டி ரொம்பினா நிறுத்திடு" என்றார். சரி என்று சொல்லித் திரும்பினால் பேப்பர் தரையில் கிடந்தது. இந்தத் தடவை வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குள். ஆம்புலன்ஸ் வந்தபோது ஒன்றும் இல்லை. தொட்டி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

பெரியவர் வந்து எல்லாம் முன்நின்று செய்தார். தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நவநீதன் கொள்ளி வைத்தான். சட்டையில்லாமல் தோளில் பானையோடு அவன் சுற்றி வந்தபோது அந்தப் பானையின் கனத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறு வருஷம் இருந்தோம். கடைசி நாலு மாசத்தில் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

செப்டம்பர் 27

காரியம் முடிந்தது. கூட்டம் கலைந்த பிறகு தர்ஷினி குழந்தையோடு வந்தாள். அவள் அம்மா வாசலிலேயே ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள். தர்ஷினி ரொம்ப இளைத்திருக்கிறாள். இவர் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு, குழந்தையை என் மடியில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

"நான் ஏப்ரல்ல போன் பண்ணேனே சித்தி" என்றாள். "புளிமிளகாய் கேட்டு. அப்பச் சொல்லிருக்கலாம்ல."

"உங்க அப்பா சொல்லக் கூடாதுன்னாருமா."

"வளைகாப்புலயும் சொல்லக் கூடாதுன்னுதான சொல்லிருந்தாரு."

குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்லலன்னா நான் செத்திருப்பேன். டாக்டர் சொன்னாங்க. அதுக்கு உங்க கால்ல விழணும். ஆனா அந்த மண்டபத்துல அத்தனை பேரும் என் வயித்தைப் பாத்தாங்க பாருங்க, கெட்டுப்போன சாமானைப் பாக்குற மாதிரி. தூங்கப் போனா அதுதான் வருது." அவள் அழவில்லை. "அப்பா யாருக்கும் தெரியாம மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்திருக்காரு. அவருக்கும் வீக்கம் இருக்கு, சின்னதா. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. என்கிட்ட மட்டும் சொன்னாரு. நவநீதனுக்கு எடுத்தாச்சா?"

இல்லை என்றேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

அதற்கும் இல்லை என்றேன். செமஸ்டர், ட்ரெயினிங் என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொல்லச் சொல்ல எனக்கே நிறுத்தத் தோன்றியது, நிறுத்திவிட்டேன்.

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். அவன் அங்கே பந்தல்காரரோடு கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் இருவரும் இறங்கி வரவில்லை. குழந்தை தூங்கிவிட்டது.

செப்டம்பர் 29

தர்ஷினியே நவநீதனை மதுரைக்கு அழைத்துப்போய் ரத்தம் கொடுக்கவைத்தாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம்மா என்றான். ஊரிலிருந்து வந்ததிலிருந்து அவன் பேசிய நீளமான வாக்கியம் நேற்று ராத்திரி சாப்பிடும்போது பேசியதுதான்: "மார்ச்லயே நான் கேட்டேனேம்மா, நீ இல்லன்ன."

ஆஸ்பத்திரி ஃபாரத்தில் வீட்டு போன் என்று என் நம்பரை எழுதியிருக்கிறான்.

அக்டோபர் 8

பள்ளிக்கூடம் போகிறேன். வருகிறேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது பழகவில்லை, மிஞ்சுகிறது.

அக்டோபர் 15

நவநீதன் ஜிம்மை விட்டுவிட்டானாம். தர்ஷினி சொன்னாள். இப்போது அவளிடம்தான் பேசுகிறான்.

அக்டோபர் 27

மூன்றாவது பீரியடில் போன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். டாக்டர் ரெஜினாவே பேசினார். இவருக்காக வருத்தம் சொன்னார். பிறகு, "மகனைக் கூட்டிக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை வாங்க டீச்சர்" என்றார். ரிசல்ட் என்ன என்று கேட்டேன். நேரில் பேசலாம் என்றார். நான் உயிரியல் டீச்சர், பதினேழு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், தயவுசெய்து சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

இருக்கிறது.

வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லாமல் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள், மணி அடிக்கும் வரைக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவன் நம்பரை எடுத்தேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். இந்த வாரம் அவனுக்கு ஏதோ பெரிய டெமோ இருக்கிறது, அது முடியட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை நானே பார்த்தேன். போனை வைத்துவிட்டு, பிறகு தர்ஷினியைக் கூப்பிட்டேன். குழந்தை அழும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"அவனுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. இப்ப சொல்லப் போறேன்."

"வேண்டாம் சித்தி" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "உங்களுக்குச் சொல்லத் தெரியாது. நாளைக்குக் காலையில நான் கோயம்புத்தூர் போறேன். நான் சொல்லிக்கிறேன்."

சரி என்றேன்.